களுவாஞ்சிக்குடியின் இரண்டு வாக்குகள்

கையெழுத்துப் போடவேண்டிய கோட்டின்மேல் பேனா முனையை வைத்த பிறகுதான் தம்பித்துரைக்கு அது ஞாபகம் வந்தது. பேனாவை மெல்ல எடுத்து மேசையில் கிடத்திவிட்டு, இதில் கையெழுத்துப் போடத் தனக்கு அதிகாரம் கிடையாது என்று சொன்னார்.

சுவிஸின் ஓஸ்டர்முண்டிகன் கெமைன்டேயில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், பொது அறைகளுக்குப் பொறுப்பாக இருக்கும் திருமதி எஷ்லிமான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எதிரே இருப்பவர் தமிழர் கழகத்தின் உப தலைவர். புதன்கிழமைகளில் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை சமையலறையோடு கூடிய ஓர் அறை வேண்டுமென்று மே மாதத்திலிருந்து அவருக்கு ஏழு கடிதம் எழுதியவர். அறை இன்றைக்குக் கிடைத்துவிட்டது.

“போன வருடம் விளையாட்டு மைதானத்துக்கு நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று அவர் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டார்.

“போன வருடம் அதிகாரம் இருந்தது.”

“அதை யார் எடுத்தது?”

“நான்தான்.”

அவருடைய பையில் கழகத்தின் யாப்பு, அதாவது அதன் அடிப்படைச் சட்டம், இருந்தது. அது எப்போதும் அவருடைய பையில் இருக்கும். பதினெட்டுப் பக்கம், டொச் மொழிபெயர்ப்போடு. திருமதி எஷ்லிமான் அதை முதலிலிருந்து வாசித்தார். வாசிக்கும்போது இரண்டு தடவை தொலைபேசி அடித்தது, அவர் எடுக்கவில்லை.

“இதில் மேலவை, கீழவை என்று இரண்டு சபை இருக்கிறது.”

“ஆம்.”

“உச்ச நீதிமன்றமும் இருக்கிறது.”

“மூன்று நீதிபதிகள். ஆயுள்வரைக்கும்.”

“எத்தனை குடும்பத்துக்கு?”

“நாற்பத்தொன்று.”

அவர் தாள்களைத் தட்டி அடுக்கினார். “நாங்களும் 1848இல் இரண்டு சபை முறையை அமெரிக்காவைப் பார்த்துத்தான் எடுத்தோம். எங்கள் கன்டோன் மாநிலங்களில் பெரியவை சின்னவற்றை விழுங்கிவிடாமல் இருக்க. ஆனால் அந்த ஜனாதிபதியை எடுக்கவில்லை. எங்களுக்கு ஏழு பேர். ஏழு பேரும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்கள். வழக்கமாகப் புதன்கிழமை கூடுவார்கள். முடிந்த பிறகு பெரும்பாலும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.”

“ஏன்?”

“பசிக்கும்தானே.”

தம்பித்துரை அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொரு கேள்வி இருந்தது. “இந்த யாப்பு நல்லதா?”

“இது அனுமதிக்கப்பட்டது,” என்றார் திருமதி எஷ்லிமான். பிறகு ஒப்பந்தத்தை ஓர் உறையில் போட்டு நீட்டினார். அடுத்த கிழமை வெள்ளி, நண்பகல் பன்னிரண்டு. அதற்குள் வராவிட்டால் அறை பட்டியலில் அடுத்ததாக இருக்கும் பொம்மை ரயில் கழகத்துக்குப் போகும்.

தம்பித்துரை இருபத்தாறு வருடமாக பேர்ன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டில் கழுவுகிறார். ஒரு கட்டில் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகி வெளியே வர ஒன்பது நிமிடம் ஆகும். அந்த ஒன்பது நிமிடத்தில் செய்ய ஒன்றுமில்லை. மனிதனுக்கு ஒன்பது நிமிடம் சும்மா கிடைத்தால் எதையாவது கெடுத்து வைப்பான்; தம்பித்துரை அமெரிக்க அரசியல் யாப்பை வாசித்தார்.

புத்தகம் நியூ ஜெர்சியிலிருந்து வந்தது. மச்சான் முறையான யோகராஜா அங்கே பிரஜையானபோது யாரோ கையில் கொடுத்த சட்டைப்பைப் புத்தகம். விடுமுறைக்கு வந்தவர் அதைக் குளியலறை அலுமாரிக்கு மேல் மறந்துவிட்டுப் போனார். அப்போது கழகம் மூன்றாவது முறையாக உடைந்திருந்த சமயம். பொங்கல் விழா அறிவித்தலில் எந்த ஊரின் பெயரை முதலில் போடுவது என்பதுதான் மூன்று முறையும் பிரச்சினை. கழகத்தில் நான்கு ஊர் ஆட்கள் இருந்தார்கள். சாவகச்சேரிக்காரர் பதினேழு குடும்பம், காரைநகர் பதினாலு, பருத்தித்துறை ஒன்பது. களுவாஞ்சிக்குடி ஒன்றே ஒன்று: புண்ணியமூர்த்தியும் அவருடைய மனைவி ஞானம்மாவும். எதை வாக்குக்கு விட்டாலும் சாவகச்சேரி வென்றது. தம்பித்துரையும் சாவகச்சேரிதான். வென்றுவிட்டு வீட்டுக்குப் போகும்போது அவருக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

அந்தச் சின்னப் புத்தகத்தின் முன்னுரையை அவர் இரண்டு தடவை படித்தார். 1787இல் பிலடெல்பியாவில் ஒரு கோடைகாலம் முழுக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு இதே சண்டையைத்தான் பிடித்திருக்கிறார்கள். பெரிய மாநிலங்கள் தலைக்கணக்குப்படி ஆசனம் கேட்டன. சின்ன மாநிலங்கள் எல்லாருக்கும் சமன் கேட்டன. கடைசியில் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்: கீழவையில் தலைக்கணக்கு, மேலவையில் பெரிசு சிறிசு பாராமல் மாநிலத்துக்கு இரண்டு.

அதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் நல்ல ஒரு வீட்டிலிருந்து கதவை மட்டும் கழற்றிக்கொண்டு வருவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. நான்கு மாதத்தில், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கட்டில்களுக்கிடையில், முழு யாப்பையும் கழகத்துக்குத் தக்கபடி தமிழில் எழுதி முடித்தார். தலைவர் நான்கு வருடம் இருப்பார். அவைகள் நிறைவேற்றியதை அவர் வீட்டோ போட்டு நிறுத்தலாம். இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் அந்த வீட்டோவைத் தாண்டலாம். நீதிபதிகளைத் தலைவர் நியமிப்பார், மேலவை சம்மதிக்கவேண்டும். வெளியாரோடு ஒப்பந்தம் செய்வது தலைவர். ஆனால் வந்திருக்கும் மேலவை உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ஓம் என்றால்தான் அது செல்லும். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை மட்டும் விட்டுவிட்டார். சுவிஸில் அதைக் கவனிக்க இராணுவம் இருக்கிறது.

தனக்கென்று உப தலைவர் பதவியை எடுத்துக்கொண்டார். அதில் வேலை கிட்டத்தட்ட இல்லை. மேலவைக்குத் தலைமை தாங்கலாம், ஆனால் வாக்குச் சமனாக வந்தால் மட்டுமே வாக்களிக்கலாம். எழுதியவனுக்கு அடக்கம் வேண்டும் என்று அவர் நினைத்தார்.

தைப்பொங்கலன்று யாப்பு நிறைவேறியது. கேள்வி ஏதாவது உண்டோ என்று அவர் கேட்டபோது ஞானம்மா மட்டும் கை தூக்கினார். தன்னைவிட இளையவர்களை ஊர் வழக்கில் ‘மனே’, அதாவது மகனே, என்றுதான் அவர் கூப்பிடுவார்.

“எல்லாம் சரி மனே. மேலவைக்கு ஆர் சோறு போடுற?”

அது யாப்பில் இல்லை என்று தம்பித்துரை பதில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஞானம்மா சிரிக்கவில்லை, அவர் உண்மையாகத்தான் கேட்டிருந்தார்.

ஏனென்றால் இருபது வருடமாகப் புதன்கிழமைச் சோறு போட்டது அவர். புண்ணியமூர்த்தி ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்த காலத்தில் அவருக்குப் புதன்தான் ஓய்வு நாள். அன்றைக்குக் காலை வேலை முடிந்து வருகிறவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், வேலை இல்லாதவர்கள் எல்லாரும் அந்த மூன்றாம் மாடி வீட்டில் சாப்பிட்டார்கள். கூப்பிட்டு யாரும் வந்ததில்லை. வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் சப்பாத்துகளைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தார்.

ஏப்ரலில் ஞானம்மா இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு தம்பித்துரை கழகத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: புண்ணியமூர்த்தி அண்ணையை இனிப் புதன்கிழமைகளில் யாரும் தொந்தரவு செய்யக்கூடாது. அது ஒருமனதாக நிறைவேறியது. பிறகு, அந்த மனிதரும் எங்கேயாவது போய் நாலு பேரோடு சாப்பிடட்டும் என்று கெமைன்டேக்கு முதலாவது கடிதத்தை எழுதினார். அறைக்கு ஞானம்மாவின் பெயரை வைப்பதென்றும் மனதுக்குள் தீர்மானித்திருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் மேலவை கூடியது. எட்டு ஆசனத்தில் ஐந்து நிரம்பியிருந்தன. பருத்தித்துறை உறுப்பினர் இருவருக்கும் வேலை. சாவகச்சேரியிலிருந்து கஜேந்தினி வரவில்லை. அவர் முதியோர் இல்லத்தில் தாதி, சனி ஞாயிறு அவருடையதல்ல. எட்டில் ஐந்து என்றால் கூட்டம் செல்லும். தம்பித்துரை நிம்மதியாக ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டி, ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தவும் என்றார். மூன்று கை உயர்ந்தது.

“எதிர்ப்பவர்கள்?”

புண்ணியமூர்த்தி வலக்கையைத் தூக்கினார். அதை இறக்கினார். பிறகு இடக்கையைத் தூக்கினார்.

களுவாஞ்சிக்குடிக்கு இரண்டு ஆசனம். முதலில் ஒன்று அவருக்கு, மற்றது ஞானம்மாவுக்கு. ஞானம்மாவின் இடம் வெற்றிடமானபோது யாப்பை எடுத்துப் பார்த்தார்கள். இடையில் ஆசனம் வெறுமையானால் அந்த ஊரின் தலைவர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம் என்று இருந்தது. களுவாஞ்சிக்குடிக்குப் புண்ணியமூர்த்திதான் தலைவர், வேறு ஆளும் இல்லை. அவர் தன்னையே நியமித்துக்கொண்டார். ஒருவர் இரண்டு ஆசனத்தில் இருக்கக்கூடாதென்று அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்களா என்று தம்பித்துரை தேடியபோது கிடைக்கவில்லை. அங்கே ஒரு மாநிலத்தில் ஒரே ஓர் ஆள் மிஞ்சும் நிலை வந்திருக்காது. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், நியமனம் செல்லும் என்று தீர்ப்பானது. தன்னுடைய சம்மதம் இல்லாமல் எந்த ஊரின் சம உரிமையையும் குறைக்க முடியாது என்ற வரியைத் தீர்ப்பில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். தம்பித்துரைக்கு மிகவும் பிடித்த வரி அது.

“ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு,” என்றார் தம்பித்துரை. அவர் ஒரு தாளில் கணக்குப் பார்த்தார். ஐந்தில் மூன்று, மூன்றில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இன்னொரு தடவை பார்த்தார். அது கூடவில்லை. “ஒப்பந்தம் தோல்வி.”

குறிப்பேட்டில், ‘களுவாஞ்சிக்குடி உறுப்பினர்கள் இருவரும் எதிர்த்து வாக்களித்தனர்’ என்று அவரே எழுதவேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது புண்ணியமூர்த்தி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பித்துரை கழகத் தலைவர் சதீசனைக் கூப்பிட்டார். சதீசன் பொதி விநியோக வண்டி ஓட்டுபவர், நாற்பத்தொரு வயது. பதவியேற்றதிலிருந்து இரண்டு முறை வீட்டோ போட்டிருந்தார். ஒரு முறை ஒலிபெருக்கிக்கு எதிராக, ஒரு முறை வீட்டோ வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக.

“சதீசன், நீர் கையெழுத்தை வையும். பிறகு மேலவையில சொல்லுவம்.”

“அண்ணை, நான் யாப்பைப் பாதுகாப்பன் எண்டு சத்தியம் செய்தனான். உங்கட கையாலதான் புத்தகத்தைப் பிடிச்சனீங்கள்.”

“சரி, அவர் ஏன் எதிர்க்கிறார் எண்டு உமக்குத் தெரியுமோ?”

“தெரியாது எண்டு சொல்லேலாது,” என்றார் சதீசன். “வண்டிக்கு ஆள் வந்திட்டுது அண்ணை, வைக்கிறன்.” ஞாயிற்றுக்கிழமையில் வண்டிக்கு யாரும் வருவதில்லை.

வியாழக்கிழமை ஒரு விசேட கூட்டம் வைத்து, வராத மூவரில் ஒருவரைக் கொண்டுவந்தால் போதும். ஆறில் நான்கு, கச்சிதமாக மூன்றில் இரண்டு. அவர் கஜேந்தினியைப் பிடித்தார்.

“பிள்ளை, வியாழன் பின்னேரம் வருவீரோ?”

“வேலை லிஸ்ட் பாக்கோணும் அண்ணை.”

“வேலை இல்லாட்டி?”

“வேலை இல்லாட்டியும் பாக்கோணும்.”

பருத்தித்துறை உறுப்பினரான துஷாந்தன், வந்தால் வருவேன் என்றார். வராவிட்டால் என்று தம்பித்துரை கேட்டார். வராவிட்டால் வரமாட்டேன் என்று அவர் விளக்கினார். “அண்ணை, நீங்கள் ஒருக்கா அவரிட்டையே கேட்டால் என்ன?”

“கேக்கலாம். ஆனா நீர் சொல்லும், ஏனெண்டு.”

“நான் என்னண்டு சொல்லுறது? அது உங்கட தீர்மானம்தானே.”

எந்தத் தீர்மானம் என்று தம்பித்துரை கேட்பதற்குள் அவருக்கும் வண்டிக்கு ஆள் வந்துவிட்டது. துஷாந்தன் பல் வைத்தியரிடம் வேலை செய்கிறார்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவர் மனைவியிடம் வந்து நின்றார். இராஜேஸ்வரி கழகத்தின் மூன்று நீதிபதிகளில் ஒருவர். இரட்டை ஆசனத் தீர்ப்பை எழுதியதே அவர்தான்.

“இஞ்ச பாரும், இராஜேஸ், உமக்காவது தெரியுமோ?”

“கதைக்கேலாது.”

“ஏன்?”

“நாளைக்கு இது வழக்கா வரலாம். ஒரு பக்கத்துக்காரரோட நீதிபதி தனியக் கதைக்கக்கூடாது.”

“நான் உம்மட புருசன்.”

“அதுக்கு விலக்கு இருக்கோ எண்டு தேடினனான். நீங்கள் எழுதேல்லை.”

தம்பித்துரை இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அதிகாரத்தைப் பிரித்துவைக்க வேண்டுமென்று அவர் ஒருபோதும் ஆசைப்பட்டதில்லை. இப்போது அது பிரிந்து எதிரே உட்கார்ந்து சம்பல் போட்டுக்கொண்டிருந்தது.

“நாளைக்கு என்ன நாள்?” என்று இராஜேஸ்வரி கேட்டார்.

“புதன்.”

“எத்தினை மணிக்கு வேலை முடியும்?”

“பன்னிரண்டுக்கு.”

“நாளைக்கு நான் சோறு கட்ட மாட்டன்,” என்றார் நீதிபதி.

அடுத்த நாள் பன்னிரண்டரைக்குத் தம்பித்துரை அந்த மூன்றாம் மாடிக்கு ஏறினார். ஒரு கையில் யாப்பும் ஒப்பந்தமும் இருந்த கோப்பு. வாசலில் ஒரு சோடி சப்பாத்துத்தான் கிடந்தது. கீழ்வீட்டுக்காரருக்கு இனி முறைப்பாடு செய்ய ஒன்றுமில்லை.

மணி அடிக்க முன்பே கதவு திறந்தது. புண்ணியமூர்த்தி உணவகத்துக் காலத்து வெள்ளை ஏப்ரனோடு நின்றார். அறுபத்தாறு வயது. கையில் சோற்றுக் கரண்டி.

“ஆரு, உப தலைவரா?”

“ஓம் அண்ணை.”

“தனியவா?”

“தனியத்தான்.”

புண்ணியமூர்த்தி அவருடைய தோளுக்கு மேலால் படிக்கட்டைப் பார்த்தார். “சரி. வந்து இரிங்க. சோறு போடுறன்.”

“சாப்பிட வரேல்லை அண்ணை, ஒரு சின்ன அலுவல்…”

“அலுவல் மறுகா. முதல்ல சாப்பிடுங்க.”

மேசையில் எட்டுத் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. நடுவில் பெரிய சட்டிகள்: கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, நெத்தலிப் பொரியல், முருங்கைக்கீரைச் சுண்டல். ஓர் ஆள் இருக்கும் வீட்டில் அவ்வளவு சுண்டலை அவர் கண்டதில்லை.

“ஆரும் வருகினமோ அண்ணை?”

“இல்ல.”

“எட்டுத் தட்டு வைச்சிருக்கிறியள்.”

“வீட்டுல எட்டுத்தான் இருக்கு.”

தம்பித்துரை ஒரு தட்டை நிமிர்த்தினார். புண்ணியமூர்த்தி அளந்து போடத் தெரியாதவர். இருபத்தெட்டு வருடம் நூறு பேருக்குச் சமைத்த கை. இரண்டாம் முறையும் போட்டார். உறைப்பில் தம்பித்துரைக்குக் கண் கலங்கியது. தண்ணீருக்கு ஐஸ் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளும்படி புண்ணியமூர்த்தி சொன்னார்.

ஐஸ் எடுக்க உறைபெட்டியைத் திறந்த தம்பித்துரை அங்கேயே நின்றார். மேல்தட்டிலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உணவகத்தில் ஒட்டுவதுபோல் திகதித் துண்டு. மே மாதத்தில் நான்கு. ஜூனில் நான்கு. ஜூலை முழுவதும். எல்லாத் திகதியும் ஏழு நாள் இடைவெளியில் இருந்தன. ஐஸ் வைக்க இடம் இருக்கவில்லை.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கேட்க வந்ததை இப்போது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

“அண்ணை, சனிக்கிழமை ஏன் எதிர்த்தனீங்கள்?”

புண்ணியமூர்த்தி மோர்மிளகாயை ஒடித்தார். “மேலவையில செய்ததுக்கு வேற எந்த இடத்துலயும் உறுப்பினரக் கேள்வி கேக்கப்படாது. முதலாம் உறுப்புரை, ஆறாம் பிரிவு. நீங்கதான் எழுதின.”

“அது அமெரிக்காக்காரன் எழுதினது அண்ணை.”

“கீழ உங்கட பேர்தான் கிடக்கு.”

தம்பித்துரை வேறு வழியால் போய்ப் பார்த்தார். “அந்த அறைக்கு அக்காவின்ர பேர் வைக்கிறதா யோசனை. வாசலில போர்ட் போடலாம். தமிழிலையும் டொச்சிலையும்.”

“எழுத்து பெரிசா?”

“பெரிசாத்தான்.”

“நல்லம்,” என்றார் புண்ணியமூர்த்தி. அவர் சுண்டலை இன்னும் கொஞ்சம் தம்பித்துரையின் தட்டுக்குத் தள்ளினார்.

“அக்கா இருந்தால் அந்த அறைக்கு என்ன சொல்லியிருப்பா?”

இதைத் தம்பித்துரை உப தலைவராகக் கேட்கவில்லை. வாயில் சும்மா வந்தது. புண்ணியமூர்த்தி சாப்பிடுவதை நிறுத்தினார். மேசையில் கிடந்த இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அவ ஓம் எண்டிருப்பா. அங்க அடுப்பு பெரிசாமே. அடுப்பு பெரிசெண்டா அவ எதுக்கும் ஓம் எண்டிருப்பா.”

“அப்ப அந்த மற்றக் கை?”

“அவட கை அது. அவவக் கேக்காமத் தூக்கிட்டன்.” அவர் தண்ணீர் குடித்தார். “சனிக்கிழமையிலருந்து மனசுக்குச் சரியில்ல. இருபது வருசம் அவ சொன்னதுக்கு மாறா நான் ஒண்டும் செய்யல்ல. செத்தாப் பிறகு செய்திருக்கன். நாளைக்குக் கூட்டம் வைங்க. அத ஓம் எண்டு மாத்திறன். உங்களுக்குக் கணக்குச் சரி வரும்தானே.”

தம்பித்துரையின் தலை தானாகவே கணக்குப் போட்டது. வேறு யாரும் வரத் தேவையில்லை. மூன்றும் ஒன்றும் நான்கு. ஐந்தில் நான்கு என்றால் மூன்றில் இரண்டைத் தாராளமாகத் தாண்டும். அறை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை சதீசனைக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வைத்தால் பொம்மை ரயில்காரர் பட்டியலிலேயே இருக்கவேண்டியதுதான். கோப்பு நாற்காலிக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. புண்ணியமூர்த்தி சொன்னதைத் தாளில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளவும் அதில் இடம் இருந்தது.

அவர் மேசையைப் பார்த்தார். ஆறு தட்டு இன்னும் கவிழ்ந்தபடி இருந்தன. யாப்பில் எங்கே பிழை விட்டோம் என்று சனிக்கிழமையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். பிழை யாப்பில் இல்லை. அது மே மாதத்துத் தீர்மானத்தில் இருந்தது. இரண்டு வரி. முன்மொழிந்தவர் தம்பித்துரை, வழிமொழிந்தவர்கள் எல்லாரும்.

அவர் எழும்பிப் போய்க் கோப்பை வாசலில் சப்பாத்துப் பலகைக்கு மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அண்ணை, அந்தத் தீர்மானம் கொண்டுவந்தது நான்தான்.”

“தெரியும். ஒருமனதா நிறைவேறினது. கடிதம் வந்தது. நல்ல தாள்.”

“உங்களை ஒருத்தரும் கேக்கேல்லை.”

“செத்தவீட்டுக்காரன ஆர் கேக்கிற?”

கீழே பஸ் ஒன்று நின்று, மூச்சு விட்டு, போனது. தம்பித்துரை பத்து நாளாக எல்லாரையும் கேட்டிருந்தார்: கெமைன்டேயை, தலைவரை, மேலவையை, நீதிமன்றத்தை. எல்லாரும் தங்கள் தங்கள் அதிகார எல்லைக்குள் நின்று அவருக்குப் பதில் சொல்லியிருந்தார்கள். கேட்கவேண்டிய ஆளிடம் கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் அவர் இன்னும் கேட்கவில்லை. அது சின்னக் கேள்விதான். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படாத கேள்வி.

“நாங்கள் புதன்கிழமையில இஞ்ச வந்து சாப்பிடுறது உங்களுக்குத் தொந்தரவோ அண்ணை?”

புண்ணியமூர்த்தி முருங்கைக்கீரைச் சட்டியை மூடினார், திறந்தார். உறுப்புரை எதையும் தேடுகிறவர்போல் தெரியவில்லை.

“இல்ல,” என்றார். “நீங்க வராம இருக்கிறதுதான் தொந்தரவு. எனக்கு மண்டபமும் வேணாம், மேலவையும் வேணாம் மனே. அடுத்த புதன் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க.”